ஆரஞ்சும் எலுமிச்சையும் சேர்த்த உப்புநீரில் ஊறிய வான்கோழி: தோல் மொறுமொறுப்பாகாததும் கிரேவி கசந்ததும் ஏன்?

கேள்வி: நெய்தல் (எடிசன், நியூஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, நன்றி நவிலல் நாள் விருந்துக்கு என் கணவரின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். முழு வான்கோழி வறுத்து வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். சென்ற ஆண்டு செய்ததில் பல குறைகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால், எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியவில்லை.

உறைநிலையில் வாங்கிய 14 பவுண்டுப் பறவை அது. ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு கப் உப்பு என்ற கணக்கில் கரைத்து, அதில் ஆரஞ்சையும் எலுமிச்சையையும் பிழிந்து, பிழிந்த பழங்களையும் அப்படியே போட்டு, சேஜ், தைம், ரோஸ்மேரி ஆகிய மூலிகைகளையும் சேர்த்து ஒரு முழு நாள் ஊறவைத்தேன். பிறகு தோல் முழுவதும் வெண்ணெய் தடவி, பறவையின் நெஞ்சில் பொருத்தப்பட்டே வந்த பிளாஸ்டிக் குமிழ் மேலெழும் வரை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவனில் வறுத்தேன். தோல் ரப்பர் போல இழுபட்டது. நெஞ்சுக்கறியின் வெளிப்புறம் மாவாக உதிர்ந்தது, உட்புறமோ வறண்டிருந்தது. தட்டில் வடிந்த சாற்றில் செய்த கிரேவியில் உப்பும் கசப்பும் மேலோங்கி நின்றன. இத்தனைக்கும் கறியில் ஆரஞ்சு மணம் சிறிதும் இல்லை. எங்கிருந்து திருத்தத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: அடுக்களை (ஹூஸ்டன்)

சகோதரி, உப்பிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கக் கடைகளில் உறைநிலையில் விற்கும் வான்கோழிகளில் பலவற்றுக்கு ஆலையிலேயே உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். உறையின் ஓரத்தில், சிறிய எழுத்தில், 8 சதவீதம் வரை கரைசல் அடங்கியது என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அப்படிப்பட்ட பறவையை மீண்டும் உப்புநீரில் இட்டால் கறியும் கரிக்கும், வடியும் சாறும் கரிக்கும். கோஷர் முறையில், அதாவது யூத சமய உணவு விதிப்படி, பதப்படுத்திய பறவையும் ஏற்கெனவே உப்பிடப்பட்டதுதான்.

அடுத்தது, கப் கணக்கு. ஒரு கப் பொடியுப்பு ஏறத்தாழ 290 கிராம் எடை நிற்கும். பரல் பரலான கோஷர் உப்பிலோ, சில வகைகள் அதே கப்பில் அதன் பாதி எடைதான் இருக்கும். ஒரே குறிப்பைப் பின்பற்றிய இருவரில் ஒருவருக்குக் கரிப்பதும் மற்றவருக்குச் சப்பென்று இருப்பதும் இதனால்தான். ஆகையால் கப்பை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரைசல் ஏற்றாத பறவைக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு போதும். ஊறும் நேரம் முழுவதும் நீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்.

பதில்: பொதிகைச்சாரல் (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

உப்பைப் பற்றி மேலே எழுதியவர் கூறியது முற்றிலும் சரி. உங்கள் சிக்கலின் வேர் பழச்சாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

உப்பு தசைக்குள் மெல்ல ஊடுருவி அங்குள்ள புரதங்களில் ஒரு பகுதியைக் கரைத்துத் தளர்த்துவதால்தான், சூட்டில் தசை அவ்வளவு இறுகாமல் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. அமிலம் இதற்கு மாறாக வேலை செய்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவது போல, நீண்ட நேரம் சாற்றில் கிடக்கும் கறியின் மேல்பரப்பில் உள்ள புரதமும் திரிந்து இறுகிவிடுகிறது. நீங்கள் கண்ட மாவுத்தன்மைக்குக் காரணம் அதுவே. சில மணி நேரம் என்றால் பாதகமில்லை, முழு நாள் என்பது மிக அதிகம்.

கசப்புக்கு வருவோம். ஆரஞ்சின் மேல்தோலுக்கும் சுளைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பஞ்சும் விதைகளும் ஊற ஊறக் கசப்பை விடும். இங்கே எங்கும் கிடைக்கும் நேவல் ஆரஞ்சின் சாறோ, பிழிந்தபோது இனித்தாலும், வைத்திருக்க வைத்திருக்க லிமோனின் என்ற பொருள் உருவாகிக் கசந்துவிடும். பிழிந்த பழங்களையும் சேர்த்து ஊறவைத்ததால் இரண்டு கசப்பும் உங்கள் பாத்திரத்தில் கூடிவிட்டன.

மணம் ஏறாததற்குக் காரணம் வேறு. ஆரஞ்சின் வாசனை சாற்றில் இருப்பதைவிட மேல்தோலில் உள்ள எண்ணெயில்தான் மிகுதி. அந்த எண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். மூலிகைகளின் மணமும் பெரும்பாலும் அப்படித்தான். உப்பு மட்டும் கறியின் உள்ளே செல்கிறது, மற்றவை மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. ஆகவே உப்புக்கு உப்பையும் மணத்துக்கு வெண்ணெயையும் நம்புங்கள்.

நான் செய்யும் முறை இது. இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை ஆகியவற்றின் நிறமுள்ள மேல்தோலை மட்டும், வெள்ளைப் பகுதி தெரியத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டு, மெல்லிய துருவியில் துருவிக்கொள்வேன். பொடியாக அரிந்த சேஜ், தைம், சிறிதளவு ரோஸ்மேரி ஆகியவற்றையும் அந்தத் துருவலையும் இளகிய உப்பில்லா வெண்ணெயில் பிசைவேன். ரோஸ்மேரி கூடினால் மருந்து வாடை அடிக்கும் என்பதால் அதில் மட்டும் கை இறுக்கம் தேவை. கழுத்துப் பக்கத்திலிருந்து விரல்களை நுழைத்து நெஞ்சின் தோலை மெல்லத் தூக்கினால், நடு எலும்பின் மேல் ஒரு சவ்வு பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். நகம் படாமல் அதை விலக்கி, வெண்ணெயைத் தோலுக்கு அடியில் வைத்து, வெளியிலிருந்து கையால் நீவிப் பரப்ப வேண்டும். வயிற்றுக்குள் கால் பங்கு ஆரஞ்சு, ஒரு வெங்காயம், மூலிகைத் தண்டுகள் ஆகியவற்றைத் தளர்வாக வைத்தால் போதும், இறுக்கி அடைத்தால் வேகும் நேரம் நீளும். பழத்துண்டுகளை வறுக்கும் தட்டின் அடியில் போடாதீர்கள். அவை கருகினால் அந்தக் கசப்பு முழுவதும் கிரேவியில்தான் சேரும்.

பதில்: மருதநிலம் (சிகாகோ)

தோலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஈரம் இருக்கும் வரை தோல் மொறுமொறுப்பாகாது. உப்புநீரில் ஊறிய தோல் நீரைக் குடித்திருக்கும். நீங்கள் மேலே தடவிய வெண்ணெயிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். எனவே உப்புநீரைத் தவிர்த்து, 5 பவுண்டுக்கு ஏறத்தாழ 15 கிராம் உப்பை நேரடியாகத் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் தோல் காகிதம் போல உலர்ந்திருக்கும். மேலே எண்ணெய் தடவினால் போதும்.

பிளாஸ்டிக் குமிழை நம்ப வேண்டாம். அது எழும்போது நெஞ்சுக்கறி வேண்டிய அளவைக் கடந்திருப்பது வழக்கம். தெர்மாமீட்டரைக் கழுத்துப் பக்கமிருந்து, நெஞ்செலும்புக்கு இணையாக, எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை வகுத்துள்ள பாதுகாப்பு அளவு 165 டிகிரி ஃபாரன்ஹீட். நெஞ்சு 160ஐத் தொட்டதும் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் உள்சூடு மேலும் ஏறும். 165ஐ எட்டிவிட்டதைத் தெர்மாமீட்டரிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். எட்டாவிட்டால் மீண்டும் ஓவனில் வையுங்கள். தொடை 175ஐத் தாண்டினால்தான் மிருதுவாகும். முதுகெலும்பை வெட்டி எடுத்துப் பறவையை விரித்து வறுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகும். 450 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நெய்தல்

அனைவருக்கும் மிக்க நன்றி. இந்த ஆண்டுக்கு வாங்கி வைத்துள்ள பறவையின் உறையைப் பார்த்தேன். 8 சதவீதக் கரைசல் என்றே அச்சிட்டிருக்கிறது. மாற்றி வாங்க வழியில்லை. இதற்கு உப்பே வேண்டாமா? கிரேவிக்கு என்ன செய்வது? எப்போது உறைநீக்க வேண்டும்?

பதில்: பொதிகைச்சாரல்

கறிக்குத் தனியாக உப்பு தேவையில்லை. தோலின் மேல் மட்டும் ஒரு சிட்டிகை தூவுங்கள். மற்றபடி துருவல் வெண்ணெயை உப்பில்லாமல் செய்து தோலுக்கு அடியில் வைத்து, மூடாமல் உலரவிடும் வேலையை அப்படியே செய்யுங்கள். ஃபிரிட்ஜில் உறைநீங்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு ஃபிரிட்ஜின் அடித்தட்டில், விளிம்புள்ள தட்டின் மேல் வைத்தால் செவ்வாய்க்குள் தயாராகிவிடும். புதன்கிழமை வெண்ணெய் வைத்து உலரவிட்டு வியாழன் காலை வறுக்கலாம். பறவையைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமிகளும் தொட்டி முழுவதும் பரவும். காகிதத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கிரேவிக்கு, வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் திணித்திருக்கும் பொட்டலங்களிலுள்ள கழுத்தையும் இரைப்பையையும் எடுத்து, ஈரலை விலக்கிவிட்டு, வெங்காயத்தோடு உப்பில்லாமல் கொதிக்கவைத்துச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் வடிந்ததை அந்தச் சாற்றில் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ருசி பார்த்து, உப்பு போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்துங்கள். ஆரஞ்சுச் சாறு சேர்க்க ஆசை இருந்தால், அடுப்பை அணைத்த பிறகு, பரிமாறும் நேரத்தில், புதிதாகப் பிழிந்து ஒரு தேக்கரண்டி விடுங்கள்.