ஐபேட் மினியா, கேலக்ஸி டேப் ஏ9-ஆ?

கேள்வி (திருப்பூர்):
பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் நின்றபடியே அளவுப் பட்டியலையும் துணிப் படங்களையும் பார்க்க, ஒரு கையில் அடங்கும் டேப்லெட் தேவைப்படுகிறது. ஆப்பிளின் ஐபேட் மினி, சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஏ9 ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?

பதில் (ஈரோடு):
2024-இல் வந்த ஐபேட் மினியின் திரை 8.3 அங்குலம்தான் என்றாலும் 2266 × 1488 புள்ளிகள் கொண்டது, 8.7 அங்குல டேப் ஏ9-இல் 1340 × 800 மட்டுமே இருப்பதால், பட்டியலின் பொடி எழுத்துகளை விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். தையலின் நெருக்கத்தைப் படத்தில் பார்ப்பதற்கு மினியே மேல்.

பதில் (கோவை):
படங்கள் சேரச் சேர இடம் போதாதே, அண்ணா! ஐபேடில் மெமரி கார்டு போட வழியில்லை; ஏ9-இல் போடலாம். கைதவறி விழக்கூடிய இடத்துக்கு விலை குறைந்ததே பொருந்தும்.

கேட்டவர்:
படங்களை கூகுள் டிரைவில்தான் வைக்கிறேனுங்க. எனவே மினியையே வாங்குகிறேன்.