லீஃப் காருக்கு வீட்டில் சார்ஜர்: எந்த வயர், எத்தனை அம்பியர் பிரேக்கர்?

மாங்குளத்தான்:
வணக்கம். ஒட்டுசுட்டான் றோட்டுப் பக்கம் வீடு. பழைய நிசான் லீஃப் ஒன்று வாங்கியிருக்கிறேன், 24 கிலோவாற் மணி பற்றரி, உள்ளே இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாற். கார் நிற்கும் தகரக் கொட்டில் படலையடியில். மீற்றர் பெட்டியிலிருந்து 45 மீற்றர் வரும். சிங்கிள் பேஸ், 30 அம்பியர் இணைப்பு. வயரிங் செய்பவர் 32 அம்பியர் சுவர்ச் சார்ஜர், 32 பிரேக்கர், வளவில் மிச்சம் கிடக்கும் 7/0.67 வயர் (0.67 மி.மீ இழை ஏழு) போதும் என்கிறார். பின்னேரத்தில் இங்கே கரண்ட் 210 வோல்ற்றுக்கும் இறங்குகிறது. அவர் சொல்வது சரியா?

கிளிநொச்சி வயர்காரன்:
சரியில்லை தம்பி. அந்த வயரை வேலிப் பக்கம் லைட் போட வைத்திருங்கள்.

முதலில் காரைப் பாருங்கள். சுவர்ப் பெட்டி கரண்டைத் தள்ளாது. காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் இழுக்கும். உங்களுடையது 3.3 கிலோவாற், அதாவது 15 அம்பியருக்குக் கிட்ட. 32 அம்பியர் பெட்டி வாங்கினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. வெறும் பற்றரி இரவோடிரவாக நிறைந்துவிடும், அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிரேக்கர் இருப்பது வயரைக் காக்க. பைப்புக்குள் போகும் 7/0.67 (2.5 சதுர மி.மீ) வயர் 24 அம்பியர் அளவுதான் தாங்கும், தகரக் கூரைச் சூட்டில் அதிலும் குறைவு. அதன் தலையில் 32 பிரேக்கரை வைத்தால், வயர் வெந்துகொண்டிருக்கும்போதும் பிரேக்கர் விழாது. 20 அம்பியர் போடுங்கள். 16 போட்டால் மணிக்கணக்கில் ஓடும்போது பெட்டிச் சூட்டில் சும்மா விழுந்து தொல்லை தரும்.

இனித் தூரம். 45 மீற்றரில் 16 அம்பியர் ஓடினால் 7/0.67 வயரில் 13 வோல்ற் போய்விடும். 7/0.85 என்றால் 8, 7/1.04 என்றால் 5 வோல்ற் சொச்சம். 210 வருகிற வீட்டில் 13ஐ இழக்க முடியாது. என் கணக்கில் 7/1.04, அதாவது 6 சதுர மி.மீ. நிலத்துக்கடியில் கொண்டுபோனால் ஆர்மர்ட் கேபிள், உழவு இயந்திரம் ஏறும் இடத்தில் இரண்டடி ஆழம். மேலே தொங்கவிட்டால் அணில் விடாது.

முனைகளை இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த எரிந்த பெட்டிகளில் முக்கால்வாசி லூஸ் ஸ்குரூவால்தான்.

வவுனியா அக்கா:
2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு புதுக் கார் எடுத்தவர்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. எங்களுடையது 7 கிலோவாற் இழுக்கும், அது 30 அம்பியர் இணைப்பை முழுதாக விழுங்கிவிடும். தண்ணி மோட்டரும் அயர்ன் பெட்டியும் சேர்ந்தால் மெயின் விழும். சார்ஜர் அமைப்பில் 16க்கு இறக்கிவிட்டோம். மூன்று பேஸ் எடுத்திருந்தாலும் எங்கள் காருக்குப் பலனில்லை, அதன் சார்ஜர் ஒரு பேஸில்தான் இழுக்கும். உச்ச நேரமான 6.30 – 10.30ஐ விட்டு, 10.30க்குப் பிறகு போடுகிறோம். வோல்ற்றும் ஏறியிருக்கும்.

மாங்குளத்தான்:
நன்றி அண்ணை, அக்கா. எர்த்துக்குப் பழைய கம்பி போதுமா? ஆடியில் இங்கே மண் வெடித்துக் கிடக்கும்.

கிளிநொச்சி வயர்காரன்:
நல்ல கேள்வி. நம் வீடுகளில் எர்த் என்றால் சொந்தக் கம்பிதான். காய்ந்த மண்ணில் 50 ஓம் இருந்தால், பழுது வரும்போது ஓடுவது 5 அம்பியரும் இல்லை. 20 பிரேக்கர் அசையாது. அதனால் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், காருக்குத் தனியாக. கடையில் ‘ஏ’ வகை என்று கேளுங்கள். சாதாரண ‘ஏசி’ வகை, காரிலிருந்து டிசி கசிந்தால் மந்தமாகிவிடும். சார்ஜருக்குள் 6 மில்லி அம்பியர் டிசி பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ‘பி’ வகைதான், விலை கூட. கம்பியைக் கிணற்றடிப் பக்கம், தண்ணி வழியும் இடத்தில் ஆழமாக இறக்குங்கள். வேலை முடிந்ததும் எர்த் ஓமை அளந்து காட்டச் சொல்லி, பிறகு காசு கொடுங்கள்.