ராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரில் குரோமியம் பார்ப்பது

தோல் பதனிடும் ஊர்களில் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கிற பலர் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, குளோரைடு பார்த்ததோடு வந்துவிடுகிறார்கள். தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியம், சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனைப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், காசும் தனி. கையடக்க டிடிஎஸ் மீட்டரால் இதற்குப் பயனில்லை. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரைதான். டிடிஎஸ் 900 உள்ள தண்ணீரில் குரோமியம் அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது.

மோட்டாரை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே குழாயில் பிடியுங்கள். குரோம் பூச்சுள்ள குழாய் முனை வேண்டாம். ஆர்ஓ தண்ணீரைக் கொடுத்தால் ஃபில்டரைத்தான் சோதிக்கிறீர்கள், போரை அல்ல. பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள். அடியில் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 2-க்குக் கீழே இருந்தால்தான் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் நிற்கும். இங்கேதான் தப்பு நடக்கிறது: பழக்கதோஷத்தில் மூன்று தடவை அலசிக் கொட்டிவிடுவார்கள். அமிலம் போச்சு, ரிசல்ட்டும் குறைந்து வரும். வழிய வழியவும் நிரப்பாதீர்கள். அமிலம் கையில் பட்டால் புண்ணாகும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

*

மேலே சொன்னது மொத்தக் குரோமியத்துக்குச் சரி. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவால் வரும் பயம், குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம்தான். அதற்கு அமிலமில்லாத இன்னொரு பாட்டில் வேண்டும். அமிலத்தில் அது தண்ணீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து அவ்வளவு நச்சில்லாத மூன்று இணைதிறனாக மாறிவிடும். நச்சு இருந்த தண்ணீர் 'நல்ல' தண்ணீராகிவிடும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பிடிக்காதீர்கள். லேபில் டைஃபினைல் கார்பசைடு சேர்த்து, எழும் ஊதாச் சிவப்பை 540 நானோமீட்டரில் அளப்பார்கள்.

குரோமியத்தால் தண்ணீரே மஞ்சளாகத் தெரிந்தால் வரம்பை எப்போதோ தாண்டியாயிற்று. தெளிவாக இருப்பதால் தப்பித்தோம் என்றும் இல்லை. கொதிக்க வைப்பது வீண் வேலை, ஆவி போகப் போக மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும்.

*

ரிப்போர்ட்டில் 'பிடிஎல்' (கண்டறியும் அளவுக்குக் கீழே) என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அந்த லேபால் எவ்வளவு குறைந்த அளவு வரை பிடிக்க முடியும் என்று கேளுங்கள். அதுவே 0.05 என்றால் வரம்புக்குக் கீழே எதுவும் தெரியாது, 0.005 அளவுக்காவது இறங்க வேண்டும். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை மட்டும் போதாது, அங்கீகாரப் பட்டியலில் குடிநீரில் குரோமியம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எளிதில் ஆவியாகிவிடும் கரைப்பான் (சால்வென்ட்) தண்ணீரில் கலந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முறையே வேறு. 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி ஓடினாலும் கொட்டிவிட்டுப் புதுக் குப்பியில் பிடியுங்கள்.