கார்ப் பூட்டு உறைந்துபோனால்: கண்டதும் செய்ததும்

குளிர்காலக் காலையில் கார்க் கதவு திறக்காவிட்டால் பூட்டு உறைந்துவிட்டது என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நான் பார்த்தவரையில் பெரும்பாலும் பூட்டில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்தான் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாவி உள்ளே போய், தடையின்றித் திரும்பி, 'டக்' என்ற சத்தமும் கேட்ட பிறகு கதவு மட்டும் அசையாமல் நின்றால் அது பீடிங்கின் வேலை. சாவி நுழையவே மறுத்தாலோ, நுழைந்தும் திரும்பாவிட்டாலோதான் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் லைட்டரைத் தேடி ஓடுவது வீண் அலைச்சல்.

பீடிங் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் செய்து காட்டியதை நேரில் பார்த்தேன். கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம், "இழுக்காதீங்க தம்பி, முதல்ல உள்பக்கமா அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு, தாமே கதவின் மேல் தோளைச் சாய்த்து, விளிம்பு நெடுக இடம் மாற்றி மாற்றி அழுத்தினார். நறநறவென்று ஏதோ நொறுங்கும் ஓசை கேட்டது. அதன் பிறகு கதவு மெதுவான இழுப்புக்கே திறந்துகொண்டது. அழுத்தும்போது ரப்பர் நசுங்கிக் கொடுக்கிறது, நசுங்கத் தெரியாத பனி உடைகிறது. முரட்டுத்தனமாக இழுத்தாலோ ரப்பர் கிழியும், அல்லது குளிரில் விறைத்த பிளாஸ்டிக் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

உண்மையிலேயே பூட்டு உறைந்த சம்பவம் என்னுடன் பணிபுரியும் நண்பருக்கு நேர்ந்தது. முந்தைய மாலை காரைக் கழுவியிருந்தார். சாவித் துவாரத்தில் தங்கிய ஈரம் இரவுக் குளிரில் இறுகிவிட்டது. துவாரத்தின் உள்ளே மெல்லிய தகடுகளும் அவற்றைத் தள்ளும் சிறிய ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால், ஒரு சொட்டு ஈரமே அந்தத் தகடுகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளப் போதுமானது. அந்நிலையில் சாவியை வலுவாகத் திருப்பினால் பூட்டு திறப்பதற்கு முன் சாவி முறியக்கூடும். நண்பரிடம் பூட்டுப் பனியை உருக்கும் திரவமும் இருந்தது, காரின் உள்ளே! (அதை வைக்க வேண்டிய இடம் கைப்பையோ கோட்டுப் பாக்கெட்டோதான்.) கடைசியில் இன்னொருவர் கொடுத்த சானிடைசரைச் சாவியில் தடவி, போகும் ஆழம் வரை நுழைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் தடவி நுழைத்துக்கொண்டே இருந்தோம், ஒவ்வொரு முறையும் சாவி சற்று ஆழமாகப் போயிற்று, பிறகு திரும்பியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பல சானிடைசர்களில் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உறைவதற்கு ஏறத்தாழ மைனஸ் 89 டிகிரி செல்சியஸ் தேவை. அது நீரோடு கலக்கும்போது நீரின் உறைநிலையும் தாழ்ந்து பனி கரைகிறது. சானிடைசர் ஜெல்லில் உள்ள பிசின் போன்ற பொருள் பூட்டுக்குள் படியும் என்பதால், அதை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் ஆல்கஹால் திரவத்தையே பயன்படுத்துவது நல்லது.

சாவியை லைட்டரில் சூடாக்கி நுழைப்பதும் பலிக்கும், ஏனென்றால் உருக வேண்டிய பனி மிகக் கொஞ்சம். ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். பல கார்ச் சாவிகளின் பிளாஸ்டிக் தலைப்பகுதியில், இது சரியான சாவிதான் என்று காருக்கு அடையாளம் காட்டும் சிப் இருக்கிறது. அதில் சூடு பட்டால் கதவு திறந்தும் என்ஜின் கிளம்பாமல் போகலாம். ஆல்கஹால் ஊற்றிய பூட்டின் அருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. வெந்நீர் ஊற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: கண்ணாடியில் விரிசல் விழலாம், உள்ளே தங்கும் நீர் சிறிது நேரத்தில் மீண்டும் உறையும். வாயால் ஊதுவதும் மூச்சின் ஈரத்தை உள்ளே அனுப்புவதுதான். உதடு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் வேறு.

பூட்டு திறந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை, ஈரம் உள்ளேயே இருந்தால் மறுநாளும் இதே கதைதான். ஈரத்தை வெளியேற்றும் ஸ்பிரேயை அடித்து, காய்ந்த பிறகு கிராஃபைட் பொடியோ டெஃப்லான் மசகோ போடலாம். எண்ணெயையும் கிராஃபைட்டையும் சேர்த்தால் இரண்டும் குழைந்து களிம்பாகிவிடும். பீடிங்கை உலர்த்தி சிலிக்கோன் மசகு பூசினால் அது ஒட்டுவதும் குறையும்.

ரிமோட்டை மட்டும் நம்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். கடுங்குளிரில் ரிமோட்டின் சிறு பேட்டரி சோர்ந்துவிடும். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் சில சமயம் உயிர் வரும். வராவிட்டால் ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவிதான் கதி. அதற்கான துவாரம் பல கார்களில் ஓட்டுநர் கதவில் மட்டுமே, அதுவும் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் பனி இல்லாமலே இறுகியிருக்கும். ஆகவே குளிர் தொடங்குமுன் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்து, மசகும் இட்டுவிடுங்கள்.