தங்கச்சிக்கு லேப்டாப்: 38 ஆயிரத்துக்குப் புதுசா, 25 ஆயிரத்துக்கு ரீஃபர்பிஷ்டா?

பவானிக்காரன்:

வணக்கம். தங்கச்சிக்குக் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் காலேஜ் திறக்கிறார்கள், ஹாஸ்டல்தான். லேப்டாப்புக்கு 40 ஆயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதில் 15 மாமா கொடுத்தது. ஈரோட்டில் ஒரு கடையில் ஐ3 1215யு, 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, புதுசு, 38 ஆயிரம் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் நண்பன் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் ரீஃபர்பிஷ்டு, அதாவது யாரோ பயன்படுத்தியதைச் சரிசெய்து விற்கும், திங்க்பேட் டி480 ஒன்று பார்த்து வைத்திருக்கிறான்: ஐ5 8350யு, 16 ஜிபி, 512, விலை 25 ஆயிரம், கடைக்காரர் ஆறு மாதம் வாரண்டி தருகிறாராம். மாமாவோ "பிள்ளை முதன்முதலா காலேஜ் போறா, அவளுக்குப் போய் எவனோ தேய்ச்சுப் போட்டதையா வாங்கித் தருவ" என்று ஒரே பிடியாக நிற்கிறார். தங்கச்சிக்கு வெயிட் இல்லாமல் இருந்தால் போதுமாம். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் கம்பெனியில் டாலி போடுவதோடு சரி. நாலு வருஷம் ஓடணும். எதை எடுக்கலாம்?

ரிச்சி வாடிக்கை:

ப்ரோ, ரெண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டி480 என்றுதான் சொல்லியிருப்பேன். நானே அதில்தான் இதை டைப் செய்கிறேன், அந்தக் கீபோர்டுக்காகவே விட மனசு வரவில்லை. ஆனால் அது 2018 மாடல். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் மூன்று நாலு வருஷ லீஸ் முடிந்து லாட் லாட்டாக வெளியே வருகிற சரக்குதான் இங்கே நிறைய, அந்தக் கணக்குப்படி இது எப்போதோ வந்திருக்கணும், நடுவில் எத்தனை கை மாறியதோ தெரியாது. தங்கச்சி படித்து முடிக்கும்போது அதற்கு வயது பன்னிரண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசஸரில் 8-ஆம் ஜெனரேஷனாவது வேண்டும். டி480-இல் இருக்கும் 8350யு அந்த 8-ஆம் ஜெனரேஷன்தான், சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறது. வெயிட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேலே, பெரிய பேட்டரி மாட்டியிருந்தால் இன்னும் கூடும்.

அதற்காக ரீஃபர்பிஷ்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 10-ஆம் ஜெனரேஷன் ப்ராசஸர் உள்ள திங்க்பேட் டி14, டெல் லாட்டிட்யூட் 5410 மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று நண்பனைக் கேட்கச் சொல்லுங்கள். ஐ7 என்று ஸ்டிக்கரைக் காட்டினால் மட்டும் மயங்க வேண்டாம், ஐ7 6600யு-வில் வேலை செய்யும் கோர் இருப்பதே ரெண்டுதான், உங்கள் 8350யு-வில் நாலு.

கோவை ஹாஸ்டல்:

நான் இப்போது ரெண்டாம் வருஷம், சூடுபட்ட ஆள் என்பதால் சொல்கிறேன். ஆன்லைனில் ஒருத்தரிடம் ரீஃபர்பிஷ்டு வாங்கினேன், மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஏதோ வைரஸ் என்று நினைத்து ஒருநாள் ரீசெட் கொடுத்தேன், மறுபடி ஆன் ஆகி வைஃபை கனெக்ட் செய்ததும் ஸ்க்ரீனில் ஏதோ ஒரு கம்பெனி பேர், அந்தக் கம்பெனி மெயிலில் லாகின் செய் என்கிறது! பழைய ஓனர் அவர்கள் லிஸ்டிலிருந்து அந்த மெஷினை எடுக்கவே இல்லை, விற்றவர் நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். செமஸ்டர் லேப் வாரத்தில் பக்கத்து ரூம் பையனின் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கினேன். போன் எடுக்கவே விற்றவருக்கு ஒன்பது நாள்.

அதனால் உங்கள் நண்பர் கடையிலேயே நெட்டைப் போட்டு முழுசாக ரீசெட் செய்து பார்க்கணும், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. திங்க்பேட் என்றால் ஆன் ஆகும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ்) போகச் சொல்லுங்கள், பாஸ்வேர்டு கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) அடித்தால் ஒரு ஃபைல் வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதுசில் பிடித்தது) எவ்வளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிப்பது) எவ்வளவு என்று பார்த்தால் பேட்டரியின் ஜாதகமே தெரிந்துவிடும். டி480-இல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ரெண்டையும் பார்க்கணும். பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

லேப் அக்கா:

தம்பி, நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் வேலை பார்க்கிறேன். முதல் வருஷம் சி, பைத்தான், இதற்கெல்லாம் எந்த லேப்டாப்பும் போதும். மூன்றாம் வருஷம் போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்து கூடவே ஸ்க்ரீனிலேயே போன் மாதிரி இயங்கும் எமுலேட்டரும் ஓட்டும்போதுதான் 8 ஜிபி ரேம் திணற ஆரம்பிக்கும், பிள்ளைகள் குரோமில் இருபது டேப் வேறு திறந்து வைத்திருப்பார்கள். 1215யு ப்ராசஸர் 8350யு-வை விட நன்றாகவே வேகம், அதில் சந்தேகமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புது மாடலில் ரேம் போர்டோடு பற்றவைத்ததா, இல்லை கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா? ஸ்லாட் இல்லை என்றால் அந்த 8 ஜிபியோடுதான் நாலு வருஷமும், அப்படியென்றால் நான் பழையதற்கே ஓட்டுப் போடுவேன். ஸ்லாட் இருந்தால் புதுசு. ஒரு வருஷம் கம்பெனி வாரண்டியில் ஆளே ஹாஸ்டலுக்கு வருவாரா என்றும் கேளுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட் வாரண்டிக்கு நீங்கள்தான் சென்னைக்கு பஸ் ஏறணும்.

ரிச்சி வாடிக்கை:

அக்கா சொல்வது சரி. அந்த பஸ் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, எனக்குக் கடை நடக்கிற தூரம்.

பவானிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நண்பன் நேற்றுப் போய் எல்லாம் பார்த்தான். லாக் எதுவும் இல்லை, பயாஸும் திறந்தது. ஆனால் உள் பேட்டரி புதுசில் 24 வாட்-ஹவர் பிடித்திருக்கணும், இப்போது 11தான் பிடிக்கிறது. மாற்றித் தர முடியாது, வேண்டுமானால் 1,500 குறைத்துக்கொள்கிறேன் என்றாராம் கடைக்காரர். 10-ஆம் ஜெனரேஷன் இருந்தது, அதற்கு 33 சொன்னார், அந்த விலைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டோம். ஈரோட்டுக் கடையில் அந்த மாடலின் பின்மூடியைத் திறந்தே காட்டினார்கள், 8 ஜிபி பற்றவைத்தது, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. சர்வீஸ் ஆள் கோவைக்கு வருவார் என்று எழுதியும் வாங்கிவிட்டேன்.

புதுசே எடுத்தாச்சு. ரேம் இப்போது ஏறிக் கிடக்கிற விலைக்கு இன்னொரு 8 ஜிபி உடனே போட முடியாது. மூன்றாம் வருஷம் வரும்போது அந்தச் செலவு மாமாவுடையது, புதுசுதான் வேணும் என்று நின்றவர் அவர்தானே. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.