காங்கேசன்துறைத் தொகுதிக்குக் கடைசி எம்.பி. யார்?

வலிவடக்கு_வாசகன்:
பொதுத் தேர்தல் முடிவு வரும் இரவில் யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் காங்கேசன்துறை என்று தனியாக ஒரு முடிவு அறிவிக்கிறார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்றும் போடுகிறார்கள். ஆனால் காங்கேசன்துறைக்கென்று எம்.பி. யாருமில்லை. வீட்டில் பெரியவர்கள் இன்னமும் "தந்தை செல்வாவின் தொகுதி" என்றுதான் கதைக்கிறார்கள். அந்தத் தொகுதி எப்போது, எப்படி இல்லாமல் போனது? கடைசி எம்.பி. யார்? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

கீரிமலையான்:
தம்பி, கடைசி எம்.பி. அமிர்தலிங்கம். 1977இல் வென்றவர். அதற்கு முன் ஏறக்குறைய முழுக்கத் தந்தை செல்வா என்கிற செல்வநாயகம்தான், ஆனால் நடுவில் ஒரு இடைவெளி உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1947இல் தமிழ்க் காங்கிரஸில் நின்று வென்றார். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடு முறிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த தேர்தல் 1952. சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்டுச் சொந்தத் தொகுதி மக்களிடம் போனவர் தோற்றுப்போனார். வென்றது ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன். நான்கே வருடத்தில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்கிற தனிச் சிங்களச் சட்டம் வரப்போகிறது என்ற சூழலில் நடந்த 1956 தேர்தலில், அதே மக்கள் செல்வநாயகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு 1960இல் இரண்டு தடவை, 1965, 1970 என்று தொடர்ந்து அவர்தான். இந்தத் தொகுதியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 1952 தோல்விதான். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்று இருந்தபடியால்தான் மக்களால் அவ்வளவு நேராக "வேண்டாம்" என்றும் பிறகு "வேண்டும்" என்றும் சொல்ல முடிந்தது.

மயிலிட்டி_அலை:
அண்ணா 1975ஐ விட்டுவிட்டீர்கள், அதைச் சொல்லாமல் இந்தத் தொகுதியைப் பற்றிப் பேசவே முடியாது. 1972 மே மாதம் குடியரசு யாப்பு (அரசியலமைப்பு) வந்தது, பழைய யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போய்விட்டது. ஒக்டோபரில் செல்வநாயகம் பதவியை விட்டார். இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்பதுதான் அவருடைய சவால். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. ஒருவழியாக 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வைத்தார்கள். எதிரே கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வநாயகத்துக்கு அப்போது 76 வயது, பார்க்கின்சன் நோயால் குரல் மிகவும் தளர்ந்திருந்தது. முடிவு 25,927க்கு 9,457. வென்ற கையோடு, இது தனிநாட்டுக்கான ஆணை என்று அறிவித்தார். அடுத்த வருடம் மே மாதம் தனிநாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். ஒரு இடைத்தேர்தல் முடிவிலிருந்து இவ்வளவு தூரம் போன தொகுதி இலங்கையில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1977 ஏப்ரலில் அவர் காலமானார், ஜூலையில் தேர்தல், அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையை விட்டு இங்கே வந்து நின்றார்.

வலிவடக்கு_வாசகன்:
இருவருக்கும் நன்றி. சரி, அப்போ தொகுதி 1977க்குப் பிறகு எப்படிப் போனது?

பனங்கூடல்:
1978 யாப்பு. அதற்கு முன் 160 தொகுதிகளுக்கு 168 எம்.பி.க்கள். கொழும்பு மத்தி, மட்டக்களப்பு, பொத்துவில் போன்ற ஆறு தொகுதிகளில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆசனம், மிச்சமெல்லாம் ஒருவர்தான், காங்கேசன்துறையும் அப்படித்தான். ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன, கட்சி எடுக்கும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் கொடுக்கிற விகிதாசார முறையைக் கொண்டுவந்ததோடு ஆசனம் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தொகுதி, வாக்கை எண்ணி அறிவிக்கிற பிரிவாக மட்டும் மிஞ்சியது. அந்த இரவில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் 1977 எம்.பி.க்கள் உடனே போகவில்லை. 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதில் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். விளக்கு என்றால் நீட்டலாம், குடம் என்றால் கூடாது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குத்தான் போட்டது. 1983 ஓகஸ்டில் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொல்லி ஆறாவது திருத்தம் வந்தது, அமிர்தலிங்கத்தின் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் மறுத்தார்கள், ஆசனங்கள் பறிபோயின. விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1989இல்தான்.

கீரிமலையான் சொன்னதில் ஒன்றை நான் ஏற்கமாட்டேன். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற அந்தப் பழைய முறை அவ்வளவு நியாயமானதில்லை. 1977இல் நாடளாவிய ரீதியில் கிட்டத்தட்ட 30 வீத வாக்கு எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம், 7 வீதம்கூட எடுக்காத கூட்டணிக்கு 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். எங்களுக்கு அது சாதகமாக விழுந்தது என்பதற்காக முறை சரி என்றாகிவிடாது.

கீரிமலையான்:
கணக்கு சரி தம்பி, மறுக்கவில்லை. நான் சொல்வது பொறுப்பைப் பற்றி. 1990இல் காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்து, காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பலர் இருபது வருடத்துக்கு மேல் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்தார்கள். அவ்வளவு காலமும் இது என் தொகுதி, இதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும் என்கிற ஒரு தனி ஆள் அவர்களுக்குப் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. மாவட்டத்துக்கு எம்.பி.க்கள் இருந்தார்கள், பேசவும் செய்தார்கள், ஆனால் மாவட்டத்தின் பதினொரு பிரிவிலும் விருப்பு வாக்கு, அதாவது கட்சிப் பட்டியலுக்குள் தங்களுக்கென்று விழுகிற வாக்கு, தேடவேண்டியவர்கள் அவர்கள்.