4 வாட் வால்வு ஆம்புக்குச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு 6வி6 வால்வு (வெற்றிடக் குழாய்) சிங்கிள் எண்டட் ஆம்ப், அதாவது சேனலுக்கு ஒரே பவர் வால்வு உள்ள ஆம்ப்ளிஃபையர், ஓடுகிறது. சேனலுக்கு 4 வாட்தான் வரும். இப்போதுள்ள ஸ்பீக்கர் 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு). வீணை வரை சரி, நாகஸ்வரத்தோடு தவில் சேர்ந்தால் திணறிவிடுகிறது.

3 டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். அதனால் 92 டெசிபல் டிரைவர் (பெட்டியில் பொருத்தும் ஸ்பீக்கர் யூனிட்) போட்டால் இதே 4 வாட் 16 வாட் போல வேலை செய்யும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எல்லாரும் வாட்டை மட்டும்தான் சொல்கிறார்கள். சென்சிட்டிவிட்டி என்றதும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்!

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றும் சேர்ந்து கிடைக்காது என்பது தெரியும். பேஸை விட்டுக்கொடுக்கத் தயார், 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் போதும். ஆம்பில் ஃபீட்பேக் (வெளியீட்டைத் திருப்பி உள்ளே கொடுத்துத் திருத்தும் சுற்று) இல்லை, அதனால் டாம்பிங் ஃபேக்டர், அதாவது ஸ்பீக்கர் கோனின் அசைவை ஆம்ப் அடக்கும் திறன், குறைவு. போர்ட் (பெட்டியில் காற்றுக் குழாய்) வைத்தால் பேஸ் குழகுழவென்று ஆகிவிடும் என்பதால் மூடிய பெட்டிதான் என் எண்ணம்.

20 லிட்டருக்குள் 6 அல்லது 8 அங்குல ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஒலியையும் ஒரே டிரைவர் தருவது), 8 ஓம், யாராவது கட்டியிருக்கிறீர்களா? டிரைவரின் க்யூடிஎஸ் (கோனின் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு இருந்தது? கட்டில் போக இடமில்லை, சுவரோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும். அந்தச் சுவரே பேஸுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்தானே?

அப்புறம், கடல் காற்றில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஊறிப்போகும் என்று 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுக்கப் போகிறேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் அளவு பிசகாமல் வெட்டித் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.